மலை ஏறும் பைக்கின் கிளட்ச்: கம்பம், குமுளிப் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எனக்குக் கம்பம். வாரத்துக்கு இரண்டு தடவையாவது லோயர்கேம்ப் வழியாகக் குமுளி ஏறி இறங்குவேன். நான் மெக்கானிக் இல்லை. வீட்டு வாசலில் ஒரு 125 சிசி வண்டியும், அப்பா ஓட்டிய பழைய ஆர்.எக்ஸ். 100-ம் நிற்கின்றன. இரண்டின் கிளட்சையும் நானேதான் பிரித்து மாட்டுகிறேன். அதைப் பார்த்துவிட்டு ஏலத்தோட்டத்துக்குப் போகிற பையன்கள், திராட்சைப் பெட்டி கட்டிக்கொண்டு மலையேறுகிறவர்கள், குமுளியில் கடை வைத்திருக்கும் சேட்டன்மார் என்று பலரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஸ்கூட்டிக்கும் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லுக்கும் இருப்பது வேகம் கூடும்போது தானாகப் பிடிக்கும் வேறு வகை கிளட்ச். அதற்கு இந்தப் பதில்கள் பொருந்தாது. லீவரைக் கையால் பிடித்து விடுகிற, ஆயிலில் நனைந்தே கிடக்கிற பல பிளேட் கிளட்ச் பற்றி மட்டும்தான் இங்கே எழுதுகிறேன்.

வண்டி ஏற்றத்தில் இழுக்கவில்லை. கிளட்ச்தான் போய்விட்டதா?

குமுளிக்காரர்கள் இதையே "புள்ளிங் இல்லா" என்பார்கள். நம் ஊரில் "இழுவை இல்லை". இரண்டையும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எஞ்சின் சத்தத்தைக் கவனியுங்கள்.

ஆக்சிலேட்டரை முறுக்கும்போது எஞ்சின் வீரிட்டுக் கத்துகிறது, வண்டி மட்டும் அதே வேகத்தில் போகிறது என்றால் கிளட்ச் வழுக்குகிறது. முறுக்கினாலும் எஞ்சின் சத்தமே ஏறாமல் திணறினால் கிளட்சில் பழுது இல்லை. ஏர் ஃபில்டர், கார்புரேட்டர், பிளக், பின் பிரேக் ஒட்டிக்கொண்டிருப்பது, வறண்டுபோன செயின் என்று வேறு இடங்களில் தேடுங்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டாலே பிரேக் ஒட்டுகிறதா என்று தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் கிளட்ச் மாற்றிப் பணத்தை விட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

வழுக்குகிறதா என்று சோதிக்க மலை வேண்டாம். கூடலூர் பைபாஸ் மாதிரி நேரான, ஆள் இல்லாத சாலையில் டாப் கியரில் மெதுவாகப் போய்த் திடீரென்று முழுதாக முறுக்குங்கள். வேகம் ஏறாமல் ஆர்.பி.எம். மட்டும் தாவினால் சந்தேகம் தீர்ந்தது. டாப் கியரில்தான் கிளட்சுக்குச் சுமை அதிகம். அதனால் வழுக்கல் முதலில் அங்கேதான் தெரியும்.

இதற்கு நேரெதிர் கோளாறும் உண்டு. லீவரை முழுதாகப் பிடித்த பிறகும் வண்டி முன்னால் நகரப் பார்க்கும், சிக்னலில் நியூட்ரல் விழாது, முதல் கியர் போடும்போது 'டங்' என்று குதிக்கும். அப்போது கிளட்ச் முழுதாக விடவில்லை என்று அர்த்தம். காலையில் முதல் தடவை மட்டும் இப்படி இருந்தால் கவலை வேண்டாம். இரவெல்லாம் குளிர்ந்த ஆயிலில் பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யுமுன் இரண்டாவது கியரில் போட்டு, லீவரைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் நாலு தடவை ஆட்டினால் பிரிந்துவிடும்.

பிளேட் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடட்டுமா?

பொறுங்கள். காசு செலவில்லாத இரண்டு வேலைகளை முதலில் பார்த்துவிடலாம்: லீவர் பிளே, கேபிள். அடுத்தது ஆயில். இவை மூன்றும் சரியாக இருந்தும் வழுக்கினால் மட்டும் கவரைக் கழற்றுங்கள். என்னிடம் வந்த 'கிளட்ச் போச்சு' வண்டிகளில் பாதிக்குமேல் பிளேயைச் சரிசெய்ததோடு திரும்பிப் போயிருக்கின்றன.

பிளே என்றால் என்ன? எவ்வளவு இருக்கவேண்டும்?

லீவரை விரலால் இழுக்கும்போது முதலில் கொஞ்ச தூரம் சும்மா வரும். பிறகுதான் ஸ்பிரிங்கின் கனம் கையில் தட்டும். சும்மா வருகிற அந்தத் தூரம்தான் பிளே. நம் ஊரில் ஓடும் பல 100, 125 சிசி வண்டிகளுக்கு லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. என்று மேனுவலில் போட்டிருப்பார்கள். சில கம்பெனிகள் லீவரின் அடிப்பக்கத்தில் அளக்கச் சொல்லும். அங்கே 2, 3 மி.மீ. இருந்தால் போதும். எங்கே அளக்கச் சொல்லியிருக்கிறது என்று பார்த்துவிட்டு அளங்கள்.

பிளேயே இல்லாவிட்டால் லீவரை நீங்கள் தொடாதபோதும் கேபிள் கிளட்சைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்பிரிங்கின் அழுத்தம் பிளேட்டுகளுக்கு முழுதாகக் கிடைக்காமல் வழுக்கும். பிளேட் தேயத் தேயப் பெரும்பாலான வண்டிகளில் பிளே குறைந்துகொண்டே வரும். ஆகவே வழுக்கலுக்குத் தேய்மானம் பாதிக் காரணம் என்றால், அதைக் கண்டுகொண்டு அட்ஜஸ்ட் செய்யாமல் விட்டது மீதிப் பாதி. கேபிள் நீண்டுபோனால் இதற்கு நேர்மாறு. பிளே கூடிவிடும், கிளட்ச் முழுதாக விடாது.

லீவருக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன அட்ஜஸ்டரை உள்ளே முழுதாகத் திருகி, ஒன்றிரண்டு சுற்று வெளியே எடுத்து வையுங்கள். எஞ்சின் பக்கம் கேபிள் முடிகிற இடத்தில் லாக் நட்டோடு ஒரு அட்ஜஸ்டர் இருக்கும். பெரிய திருத்தத்தை அங்கே செய்யுங்கள். முடித்ததும் ஹேண்டில் பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது பிளே மாறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது. குமுளி மலையில் ஒவ்வொரு வளைவிலும் ஹேண்டில் பார் திரும்பும் என்பதால் இதைச் சும்மா விடாதீர்கள்.

எந்த ஆயில் ஊற்றுவது? கார் ஆயில் மிச்சம் இருக்கிறது.

அதைக் காருக்கே ஊற்றுங்கள். இதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். மாமாவின் காருக்கு வாங்கியதில் ஒரு லிட்டர் மிச்சம் இருந்தது. வீணாகப் போகிறதே என்று 125-ல் ஊற்றினேன். நாலாவது நாள் குமுளி மலையில், மின்நிலையத்துக்குப் பெரிய குழாய்கள் இறங்கும் வளைவைத் தாண்டி இரைச்சல் பாலத்துக்கு மேலே ஏறும்போது எஞ்சின் கத்தியது, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. பின்னால் தமிழ்நாடு அரசு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே நின்றது.

காரில் கிளட்ச் எஞ்சின் ஆயிலுக்கு வெளியே இருக்கும். அதனால் கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சரக்கைத் தாராளமாகச் சேர்க்கிறார்கள். பெட்ரோல் மிச்சமாகும் என்பதற்காகச் செய்வது அது. பைக் கிளட்ச் வேலை செய்வதே உராய்வால்தான். ஜப்பான்காரர்கள் இதற்காகவே ஜாசோ என்றொரு தரம் வைத்திருக்கிறார்கள். டப்பாவின் பின்பக்கம் எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று அச்சிட்டிருந்தால் நனைந்த கிளட்சுக்கு ஏற்றது. எம்.பி. என்று இருந்தால் உராய்வு குறைந்தது. ஸ்கூட்டருக்கு அது சரி, கியர் வண்டிக்கு ஆகாது. 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 என்பதெல்லாம் ஆயிலின் கனம். அதற்கு மேனுவல் சொல்வதைக் கேளுங்கள். "மலை வண்டிக்குக் கனமான ஆயில் ஊற்று" என்று டீக்கடையில் சொல்வதைக் கேட்காதீர்கள்.

தப்பான ஆயில் ஊற்றியாகிவிட்டது என்றால் உடனே வடித்து, சரியானதை ஊற்றி 100 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். சில நேரம் பிடிப்பு திரும்பும். என் வண்டியில் திரும்பவில்லை, பிளேட் மாற்றித்தான் சரியானது.

ஊருக்குள் நன்றாக ஓடுகிறது. மலையில் மட்டும் ஏன் தேய்கிறது?

எல்லாம் நம் இடது கை செய்கிற வேலை. சபரிமலை சீசனில் லோயர்கேம்பிலிருந்து மேலே வரிசை ஊர்ந்து போகும்போது கவனித்துப் பாருங்கள். ஏற்றத்தில் நிற்கிற பைக்குகளில் பாதி பிரேக்கில் நிற்காது. முதல் கியரில், கிளட்சைப் பாதி விட்டு, ஆக்சிலேட்டரை முறுக்கி, அந்தரத்தில் தொங்குவதுபோல் நிற்கும். அந்த நேரம் முழுதும் எஞ்சினின் சக்தி பிளேட்டுகளுக்கு நடுவே வெப்பமாகக் கரைகிறது. கிளட்சுக்குள் உராய்வுப் பூச்சுள்ள ஃபிரிக்‌ஷன் பிளேட்டும் வெறும் ஸ்டீல் பிளேட்டும் மாறி மாறி அடுக்கியிருக்கும். ஃபிரிக்‌ஷன் பிளேட்டின் முகம் கண்ணாடிபோல் இறுகிப் பளபளக்கத் தொடங்கும், ஸ்டீல் பிளேட் நீலம் பாயும், ஆயில் கருகும். பின் பிரேக்கை மிதித்து, கியரை நியூட்ரலில் போட்டு நின்றால் இந்தச் செலவு எதுவும் இல்லை.

இன்னொரு பழக்கம், வளைவில் கியரைக் குறைக்கச் சோம்பல்பட்டு மூன்றாவதிலேயே கிளட்சைத் தட்டித் தட்டி ஏற்றுவது. போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் இப்படித் தட்டினால் ஒரே பயணத்தில் ஊருக்குள் பல நாள் ஓட்டித் தேய்கிற தேய்மானம் ஆகிவிடும். வளைவுக்கு முன்னாலேயே இரண்டாவதுக்கு வந்துவிடுங்கள். லீவர் மேல் இரண்டு விரலைச் சும்மா போட்டு வைப்பதும் வேண்டாம். அந்த லேசான அழுத்தமே பிளேயைத் தின்றுவிடும்.

வீட்டில் பிரிக்க என்னென்ன வேண்டும்?

8, 10, 12 மி.மீ. டி ஸ்பானர், டிரெயின் போல்ட்டுக்கு ஏற்ற ரிங் ஸ்பானர், பழைய வண்டியாக இருந்தால் நட்சத்திரத் தலை ஸ்குரூவை அடித்துக் கழற்றும் இம்பாக்ட் ஸ்குரூ டிரைவர், சின்ன இடைவெளியை அளக்க ஃபீலர் கேஜும் தடிமனை அளக்க வெர்னியரும், கவருக்கு அடியில் வைக்கப் புதிய பேக்கிங், புதிய ஆயில், ஒரு பழைய தட்டு, அட்டைப் பெட்டி ஒன்று. எவ்வளவு முடுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ஸ்பானர் இரவல் கிடைத்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இதற்கெல்லாம் முன்னால் உங்கள் வண்டியின் கிளட்ச் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஸ்பிரிங்கின் அழுத்தத்தை மற்ற பிளேட்டுகளுக்குக் கொடுக்கும் பிரஷர் பிளேட் சில வண்டிகளில் வெளிப்பக்கம் இருக்கும். நாலைந்து ஸ்பிரிங் போல்ட்டைக் கழற்றினாலே பிளேட்டுகள் கையில் வந்துவிடும். வேறு சிலவற்றில், குறிப்பாகப் பல சின்ன வண்டிகளில், பிரஷர் பிளேட் உள்பக்கம் இருக்கும். நடுவில் இருக்கும் லாக் நட்டையோ சர்க்கிளிப் என்கிற வளையக் கிளிப்பையோ எடுத்தால்தான் பிளேட் வரும். நாலு வெட்டு வைத்த அந்த நட்டுக்குத் தனி டூல் உண்டு. டூல் இல்லாமல் உளியும் சுத்தியலும் வைத்து அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நட் கழன்றுவிடும், கூடவே ஷாஃப்டின் மரையும் போகும். டூல் இல்லையென்றால் அந்த ஒரு வேலைக்கு மட்டும் ஒர்க் ஷாப்புக்குப் போய் வாருங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

எப்படிப் பிரிப்பது?

எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி ஆயிலை வடியுங்கள். எப்படியும் ஆயில் மாற்றப்போகிறீர்கள். ஆயில் புதிது என்றால் வடிக்காமலே வண்டியை இடப்பக்கம் நன்றாகச் சாய்த்துச் சுவரில் அணைத்து வைத்து வலது கவரைக் கழற்றலாம். அப்படிச் செய்யும்போது பெட்ரோல் குழாயை மூட மறக்காதீர்கள். நான் ஒரு தடவை மறந்தேன், வாசல் முழுக்கப் பெட்ரோல் வாடை.

பிறகு கிளட்ச் கேபிளை எஞ்சின் பக்கம் கழற்றுங்கள். தடுக்கிற கிக்கரையும் ஃபுட் ரெஸ்டையும் எடுத்துவிடுங்கள். கிக்கரை எடுக்குமுன் அது எந்தப் பல்லில் உட்கார்ந்திருக்கிறது என்று மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள்.

கவர் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. அட்டைப் பெட்டியில் கவரின் உருவத்தைப் பேனாவால் வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள். நீளமான போல்ட்டைக் குட்டையானதன் இடத்தில் முடுக்கினால் எஞ்சினின் அலுமினிய உடம்பு விரியும். குட்டையை நீளத்தின் இடத்தில் போட்டால் ரெண்டு மரைதான் பிடிக்கும், ஒரு நாள் உருவிக்கொள்ளும்.

கவரை ஸ்குரூ டிரைவரால் நெம்பாதீர்கள். ரப்பர் சுத்தியலாலோ மரக்கட்டையாலோ சுற்றிலும் தட்டினால் பேக்கிங் விட்டுக்கொடுக்கும். கவர் வரும்போது இரண்டு சின்ன உருளைப் பின்கள் விழும். அவைதான் டவல் பின். கவரைச் சரியான இடத்தில் உட்கார வைப்பவை. எடுத்துத் தட்டில் போடுங்கள்.

இப்போது ஸ்பிரிங் போல்ட்டுகள். ஒன்றை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகக்கூடாது. எதிரெதிராக, ஒவ்வொன்றையும் அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கம் ஸ்பிரிங் தள்ளி, போல்ட் உட்காரும் அலுமினியத் தூண் உடையும். உடைந்தால் அந்தத் தூண் சேர்ந்திருக்கும் ஹப்பையே மாற்றவேண்டும்.

பிளேட்டை எடுக்குமுன் போன் எடுத்துப் படம் பிடியுங்கள். சில வண்டிகளில் கடைசி ஃபிரிக்‌ஷன் பிளேட் மற்றவற்றின் பள்ளத்தில் உட்காராமல் பக்கத்துப் பள்ளத்தில் உட்காரும். சிலவற்றில் ஒரே ஒரு பிளேட்டின் உள்வட்டம் மட்டும் பெரிதாக இருக்கும், அதற்குள் அதிர்வை வாங்கும் மெல்லிய வளையம் ஒன்றும் இருக்கும். எடுத்த வரிசையிலேயே கம்பியில் கோத்து வைத்துவிட்டால் இரவு பன்னிரண்டு மணிக்குத் தலையைச் சொறிய வேண்டாம்.

எதை அளப்பது? எப்போது தூக்கிப் போடுவது?

ஃபிரிக்‌ஷன் பிளேட்டின் தடிமனை வெர்னியரால் மூன்று நாலு இடத்தில் அளங்கள். புதிதாக 3 மி.மீ.க்குச் சற்று முன்பின் இருக்கும் பிளேட்டில் தேயவிடும் எல்லை வெறும் பத்தில் சில பங்கு மி.மீ.தான். உங்கள் வண்டியின் எண்ணை மேனுவலில் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற பிளேட் அளவில் தோற்பதுண்டு. தடிமன் சரியாக இருந்து முகம் கறுத்துக் கண்ணாடிபோல் மினுங்கினாலும் அது போனதுதான்.

ஸ்டீல் பிளேட்டை ஜன்னல் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, ஓரத்துக்கு அடியில் ஃபீலர் கேஜை நுழையுங்கள். பல சின்ன வண்டிகளுக்கு 0.20 மி.மீ.க்கு மேல் நுழைந்தால் பிளேட் வளைந்துவிட்டது என்று கணக்கு. வளைந்த பிளேட் விடவும் செய்யாது, சரியாகப் பிடிக்கவும் செய்யாது. நீலம் பாய்ந்ததை அளக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

ஸ்பிரிங்குகளை வரிசையாக மேசையில் நிறுத்தி வையுங்கள். ஒன்று குட்டையாக இருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றவேண்டும். கடைசியாக ஆயில் வடிகட்டும் வலையைப் பாருங்கள். பிளேட்டிலிருந்து உதிர்ந்த கறுப்புத் துணுக்குகள் அதில்தான் போய் அடைத்திருக்கும். நிறையப் பேர் புது பிளேட் போட்டுவிட்டு இதைச் சுத்தம் செய்யாமல் மூடிவிடுகிறார்கள்.

பழைய பிளேட்டை உப்புத்தாளில் தேய்த்துப் போட்டால்?

ஊர் போய்ச் சேரும்வரை தாங்கும். அதற்குமேல் நம்பாதீர்கள். ரொம்பப் பழைய பிளேட்டாக இருந்தால் அதில் கல்நார் இருக்கலாம். தேய்த்து அந்தத் தூளை மூச்சில் இழுக்கவே கூடாது. ஸ்டீல் பிளேட்டை மட்டும் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கலாம்.

கிளட்ச் விடும்போது வண்டி உதறுகிறது.

பிளேட்டுகளைச் சுற்றியிருக்கும் கூடான ஹவுசிங்கின் விரல்களைத் தடவிப் பாருங்கள். ஃபிரிக்‌ஷன் பிளேட்டின் காதுகள் இத்தனை வருஷம் இடித்து இடித்து அங்கே படிக்கட்டு மாதிரி தழும்பு விழுந்திருக்கும். பிளேட் நழுவி வரவேண்டிய இடத்தில் மாட்டி மாட்டி வருவதால்தான் உதறல். தழும்பு நகத்தில் தட்டும் அளவுக்கு மட்டும் இருந்தால் மெல்லிய தட்டை அரத்தால் இழைத்துவிடலாம், தூள் எஞ்சினுக்குள் போகாமல் பார்த்துக்கொண்டு. ஆழமாக இருந்தால் ஹவுசிங்கை மாற்றுவதுதான் வழி. அரம் போட்டு ஆழத்தை எடுத்தால் இடைவெளி கூடிப்போய்க் கிளட்ச் கடகடவென்று சத்தம் போடும்.

மாட்டும்போது எதில் தப்பு வரும்?

புது ஃபிரிக்‌ஷன் பிளேட்டை உலர்ந்தபடி போடாதீர்கள். முந்தின இரவே, எஞ்சினுக்கு ஊற்றப்போகிற அதே ஆயிலில் ஊறப்போடுங்கள். நேரமில்லை என்றால் இரண்டு பக்கமும் ஆயில் நன்றாகப் பூசியாவது போடவேண்டும். ஸ்டீல் பிளேட்டின் ஓரத்தில் ஒரு பக்கம் கூர், மறுபக்கம் வழவழப்பு இருக்கும். எல்லாவற்றையும் ஒரே பக்கமாக அடுக்குங்கள். லீவரை இழுக்கும்போது பிரஷர் பிளேட்டைத் தள்ளும் புஷ் ராடும் அதன் முனையில் இருக்கும் சின்ன இரும்புக் குண்டும் அல்லது பேரிங்கும் திரும்ப உள்ளே போனதா என்று கவரை மூடுமுன் எண்ணிப் பாருங்கள்.

இனி டார்க் ஸ்பானர். கவர் போல்ட்டும் ஸ்பிரிங் போல்ட்டும் பெரும்பாலும் எம்6 (6 மி.மீ.) அளவு. அவற்றுக்கு 10, 12 நியூட்டன் மீட்டர் இருந்தால் போதும். நீளமான ஸ்பானரை வைத்து "இன்னும் கொஞ்சம்" என்று முடுக்கும்போது அது இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். அலுமினிய மரை வெண்ணெய் மாதிரி உருவிக்கொண்டு வரும். என் முதல் வண்டியில் ஒரு மரை அப்படித்தான் போனது. டார்க் ஸ்பானர் இல்லையென்றால் குட்டை ஸ்பானரை நுனியில் பிடிக்காமல் தலைக்குப் பக்கத்தில் பிடித்து முடுக்குங்கள்.

பேக்கிங் விஷயத்தில் ஒன்று. எங்கள் உறவுக்காரர் வண்டியை ஒரு ஒர்க் ஷாப்பில் விட்டார். அங்கே பேக்கிங் இல்லையென்று சிலிக்கான் பசையை அப்பி மூடிவிட்டார்கள். உள்ளே பிதுங்கிய பசை பிய்ந்து வலையில் போய் அடைத்துக்கொண்டது. பேக்கிங் விலை சொற்பம். அதையே போடுங்கள். பழைய பேக்கிங்கைச் சுரண்ட இரும்பு வேண்டாம், பிளாஸ்டிக் அட்டை போதும்.

கனமான ஸ்பிரிங் போட்டால் நல்லதா?

'அப்கிரேட்' என்றதும் எல்லோரும் கேட்பது இதைத்தான். கிளட்ச் எவ்வளவு சுமை தாங்கும் என்பது நாலு விஷயங்களைப் பெருக்கி வருவது: ஸ்பிரிங்கின் அழுத்தம், பிளேட்டின் உராய்வு, உராயும் முகங்களின் எண்ணிக்கை, உராயும் முகத்தின் சராசரி ஆரம். ஸ்பிரிங் 10 சதவீதம் கனமானால் தாங்கும் சக்தியும் 10 சதவீதம் கூடும். லீவரும் கிட்டத்தட்ட அதே அளவு கனக்கும். கம்பம்மெட்டு ஏறி இறங்கிய பிறகு இடது மணிக்கட்டைக் கேளுங்கள், அந்த 10 சதவீதத்தின் விலையைச் சொல்லும். கேபிளும் லீவர் முனையும் சீக்கிரம் தேயும்.

எஞ்சினில் வேலை செய்து சக்தியைக் கூட்டியிருந்தால் கனமான ஸ்பிரிங் தேவைப்படலாம். கம்பெனி எஞ்சின், கம்பெனி ஆயில், நல்ல பிளேட் இருக்கிற வண்டிக்குக் கம்பெனி ஸ்பிரிங்கே போதும். அதிலும் வழுக்கினால் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. ஸ்பிரிங் அதை மறைக்கத்தான் செய்யும்.

பிளேட் எண்ணிக்கையைக் கூட்டலாமா?

கூட்டினால் கை வலிக்காமலே சக்தி கிடைக்கும். நாலு ஃபிரிக்‌ஷன் பிளேட் என்றால் உராயும் முகம் எட்டு. ஐந்து என்றால் பத்து. அதே ஸ்பிரிங்கில் 25 சதவீதம் கூடுதல். ஆனால் அதே ஹவுசிங்குக்குள் ஐந்து போகவேண்டும் என்றால் பிளேட்டுகள் மெல்லியதாக இருக்கவேண்டும், தேய்வதற்கான இடம் குறையும். உங்கள் மாடலுக்கென்றே அளவெடுத்துச் செய்த கிட் கிடைத்தால் யோசிக்கலாம். வேறு வண்டிப் பிளேட்டை நுழைத்துப் பார்க்கிற விளையாட்டுக்கு நான் வரவில்லை.

ஸ்லிப்பர் கிளட்ச் மாட்டலாமா?

யமஹா ஆர்15-ன் மூன்றாம் பதிப்பு, பஜாஜ் டோமினார் 400 மாதிரி வண்டிகளில் கம்பெனியே மாட்டிக் கொடுத்தது. வேகமாகக் கியரைக் குறைக்கும்போது எஞ்சின் பின் சக்கரத்தை இழுத்துப் பிடித்துத் துள்ளவைக்கும். ஸ்லிப்பர் அந்த நேரத்தில் கிளட்சைக் கொஞ்சம் நழுவவிடும். அசிஸ்ட் என்கிற பகுதி முன்னால் இழுக்கும்போது பிளேட்டுகளைத் தானே இறுக்கும், அதனால் மெல்லிய ஸ்பிரிங் போதும், லீவர் பூமாதிரி இருக்கும். 100, 125 சிசி வண்டிக்கு இதைத் தேடி அலைய வேண்டாம். இறக்கத்தில் ஒவ்வொரு கியராக, கிளட்சை மெதுவாக விட்டுக் குறைத்தால் துள்ளலே இருக்காது. இறக்கத்தில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு உருட்டி வருவது மட்டும் வேண்டவே வேண்டாம். எஞ்சின் பிடிப்பு இல்லாமல் பிரேக் சூடேறிக் கைவிட்டுவிடும்.

அப்படியானால் சுமை வண்டிக்கு என்னதான் செய்வது?

தினமும் பெட்டியோ பால்கேனோ கட்டி மலையேறுகிறவர்களுக்கு நான் சொல்வது முன் ஸ்பிராக்கெட். 14 பல் இருப்பதை 13 ஆக்கினால் கியர் விகிதம் ஏறக்குறைய 7.7 சதவீதம் கூடும். அதே ஏற்றத்தை அதே சுமையோடு ஏற எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் ஏறக்குறைய 7 சதவீதம் பளு குறையும். கிளம்பும்போது பாதிக் கிளட்சில் தேய்கிற நேரமும் குறையும். நேர்சாலையில் எஞ்சின் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றும், தேனி வரை போனால் மைலேஜில் தெரியும். ஸ்பீடோமீட்டர் முன் சக்கரத்திலிருந்து வருகிற வண்டியில் அளவு மாறாது. கியர் பாக்ஸிலிருந்து எடுக்கிற வண்டியில் முள் கூடுதலாகக் காட்டும். செலவு என்று பார்த்தால் கிளட்ச் கிட்டை விடக் குறைவு. வேலையும் அரை மணி நேரம்தான்.

மாற்றிய வண்டியைக் கேரளத்தில் பிடிப்பார்களாமே?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. விவரங்கள் கம்பெனி அளவிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. தேய்ந்த கிளட்ச் பிளேட்டை அதே அளவில் மாற்றுவது ரிப்பேர் வேலை. செக்போஸ்டில் மாட்டுவது பெரும்பாலும் சைலன்சரும் கலர் லைட்டும் வெட்டிய மட்கார்டும்தான்.

பழைய புல்லட்டுக்கும் ஆர்.எக்ஸ்.சுக்கும் இதே முறையா?

கொள்கை ஒன்றுதான், இடம் வேறு. இரும்பு எஞ்சின் புல்லட்டில் கிளட்ச் இடப்பக்கம், பிரைமரி செயினோடு ஒரே கவருக்குள், தனி ஆயிலில் இருக்கும். கவரைத் திறந்த கையோடு அந்தச் செயினின் தொய்வையும் பார்த்துவிடுங்கள். ஆர்.எக்ஸ். 100 டூ ஸ்ட்ரோக். எஞ்சினில் எரிகிற ஆயில் வேறு, கிளட்சும் கியரும் நனையும் ஆயில் வேறு. எரியாததால் அதை மாற்றவே மறந்துவிடுவார்கள். எங்கள் வீட்டு வண்டியில் அப்பா எத்தனை வருஷம் மாற்றவில்லையோ, வடித்தபோது தார் மாதிரி வந்தது. அதன் கவர் ஸ்குரூக்கள் நட்சத்திரத் தலை. சாதா ஸ்குரூ டிரைவர் வைத்தால் தலை மழுங்கும், இம்பாக்ட் டிரைவர்தான் சரி.

மழைக்காலத்தில் லீவர் கனக்கிறது. கேபிள் அறுந்தால் என்ன செய்வது?

ஜூனிலிருந்து குமுளிப் பக்கம் பெய்கிற மழை கேபிளின் மேல் முனை வழியாக உள்ளே இறங்கித் துருப்பிடிக்கும். மேல் முனையைக் கழற்றி, பாலித்தீன் தாளைப் புனல்போல் கட்டி, மெல்லிய ஆயிலை ஊற்றி இரவு தொங்கவிடுங்கள். காலையில் கீழ் முனையில் சொட்டியிருந்தால் வேலை முடிந்தது. உள்ளே வழவழப்பான பிளாஸ்டிக் உறை இருக்கிற கேபிளுக்கு கிரீஸ் அடைக்காதீர்கள், இன்னும் இறுகும். லீவர் பக்கத்துக் குண்டுக்கு அருகில் ஒரு கம்பி இழை பிரிந்து தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். மிச்ச இழைகள் வளைவில்தான் அறும்.

மலையேறுகிறவர்கள் ஒரு புதுக் கேபிளைப் பழையதோடு சேர்த்தே கட்டி ஓட விட்டு வைக்கலாம். அறுந்தால் இரண்டு முனையை மாட்டினால் போதும். அது இல்லாமல் அறுந்துவிட்டது என்றால், இறக்கத்தைப் பார்த்து வண்டியைத் திருப்பி, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, உருளத் தொடங்கியதும் முதல் கியரைத் தட்டுங்கள். ஒரு குதி குதித்துப் பிடித்துக்கொள்ளும். கியர் ஏற்றும்போது ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டுக் காலால் அழுத்தினால் கிளட்ச் இல்லாமலே விழும். நிற்கவேண்டும் என்றால் முன்கூட்டியே நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள். கூட்டத்துக்குள் இதை முயல வேண்டாம். லோயர்கேம்ப் வந்ததும் ஓரமாக நிறுத்திவிட்டு, கூடலூரிலிருந்து யாரையாவது கேபிள் வாங்கிவரச் சொல்லுங்கள்.

வடித்த ஆயிலை எங்கே கொட்டுவது?

வாய்க்காலில் கொட்டாதீர்கள். பெரியாற்றுத் தண்ணீரும் முல்லையாற்றுத் தண்ணீரும் பாய்கிற வயல்கள் நம்முடையவை. டப்பாவில் பிடித்து மூடி வைத்தால் பழைய ஆயில் வாங்குகிற ஆள் வந்து எடுத்துக்கொள்வார். எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா கரையானுக்குத் தொழுவத்துக் கம்பத்தில் பூச என்று ஒரு டப்பா கேட்டு வைத்திருக்கிறார். என்னுடைய அடுத்த ஆயில் எப்போது என்று என்னை விட அவருக்குத்தான் நன்றாக ஞாபகம் இருக்கிறது.